நகத்தில் தட்டுப்பட்ட கோடு

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அது மார்லிஸின் நகத்தில்தான் தட்டுப்பட்டது.

வியாழக்கிழமை காலை. இரண்டாவதாக வந்த பெண் ஸ்கேன் முடிந்து, உடை மாற்றிக்கொண்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டாமலே போய்விட்டாள். மார்லிஸ் ஸ்கேன் தண்டான புரோப்பின் மேல் மாட்டியிருந்த ரப்பர் உறையை உருவிக் குப்பையில் போட்டாள். ஒட்டியிருந்த ஜெல்லை மெத்தென்ற துணியால் வழித்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கை இழுத்து வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வயிற்றின் மேல் உருட்டுகிற புரோப் என்றால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு எடுத்துவிடலாம். இது வேறு. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, பெண்களின் உடம்புக்குள் போய்த் திரும்புவது. உறை போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உறை கிழியும், ஊசி முனை அளவு கிழிந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், கைப்பிடி வரைக்கும் மருந்துத் தண்ணீரில் நிறுத்த வேண்டும், மணி அடிக்கிற கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் வைக்க வேண்டும், மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும், துடைத்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஒயர் தரையில் படக் கூடாது. வண்டிச் சக்கரம் ஒயர் மேல் ஏறக் கூடாது. பிறகு நோட்டில் நேரம், நோயாளி எண், கையெழுத்து. இருபத்திரண்டு வருடமாக அந்த நோட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே கையெழுத்துதான்: எம். கங்காஸ்.

கழுவியதும் புரோப்பின் நுனியைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நுனியில் இருக்கிற மெல்லிய தோலும் கீழே இருக்கிற பிளாஸ்டிக்கும் சேருகிற இடம் அது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பனிக்கட்டியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டில் நூலை விரலில் ஓட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி அவளுக்கு வந்த பழக்கம். இன்றைக்கு ஓட்டியபோது ஓரிடத்தில் நகம் நின்றது.

மறுபடி ஓட்டினாள். மறுபடி நின்றது.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அரை அங்குலம் இருக்கும். தோல் பசை விட்டு எழும்பியிருந்தது. ஒரு மயிரை ஒட்டி வைத்த மாதிரி.

எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. தெரியும்.

ஜனவரியில் ஸ்கேன் அறைச் சூடேற்றி நின்றுபோய், அதற்கு ஒரு சாமான் வரவேண்டுமென்று மூன்று வாரம் இழுத்தார்கள். ஏரியிலிருந்து வீசுகிற காற்று ஜன்னலைத் துளைத்துக்கொண்டு வந்த நாட்கள். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வரும். காகிதத் துணியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் பல் கிட்டிப் படுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எதையும் யாருக்கும் சில்லென்று கொடுக்கிற வழக்கம் கிடையாது. பூட்ஸை அடுப்புக் கதவில் சாய்த்து வைப்போம், குல்லாயைச் சூடேற்றியின் மேல் காயவைப்போம், கார் எஞ்சினுக்குக்கூட ராத்திரி ஒயர் மாட்டிச் சூடு கொடுப்போம். அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? கம்பளிகளைச் சூடாக வைக்கிற அலமாரி பக்கத்து அறையில் இருந்தது. புரோப்பைத் துண்டில் சுற்றி, பத்து நிமிடம் அதற்குள் வைத்து எடுத்து வந்தாள் மார்லிஸ். ஒரு நாளில்லை, மூன்று வாரம். பசை அப்போதே இளகியிருக்கும், இப்போதுதான் விட்டிருக்கிறது. ‘சூட்டு அலமாரியில் வைக்காதே’ என்று கம்பெனிப் புத்தகத்தில் இருந்ததைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை நகத்தை ஓட்டினாள், வழுவழுவென்று இருந்தது. புதன்கிழமை அவசரம், கண்ணால் மட்டும் பார்த்தாள், இன்றைக்கு முதல் பெண்ணுக்குப் பிறகும் அப்படித்தான். புதன் மூன்று பேர், இன்றைக்கு இரண்டு பேர். ஆக ஐந்து பெண்கள்.

“என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்று கேட்டுக்கொண்டே பெர்னடீன் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். எல்லார் காப்பியிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறவள்.

மார்லிஸ் கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். பெர்னடீன் குனிந்து பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“நகத்தால பாரு.”

பார்த்தாள். முகம் மாறியது. “அடக் கடவுளே. இதுக்குள்ள எதாவது போய் ஒக்காந்துக்கிட்டா?”

“எந்த மருந்துத் தண்ணியும் அங்க போகாது. கழுவக் கழுவ நாம பாட்டுக்குக் கழுவிக்கிட்டிருப்போம், அது பாட்டுக்கு உள்ள இருக்கும்.”

“கீழ போட்டியா?”

“இல்ல. சூடு பண்ணேன்.”

பெர்னடீன் கதவை மெதுவாகச் சாத்தினாள். “இதை எங்கிட்ட சொல்லிட்ட, சரி. இனிமே வேற யார்கிட்டயும் சொல்லாத. பொருளைக் கெடுத்தா நேரா வீட்டுக்குன்னு போன மாசம்தான் பேப்பர் ஒட்டினான் கிரெய்க். உன் புருஷன் ஆர்விடுக்கு எப்ப இடுப்பு ஆபரேஷன்?”

“மார்ச் பதினொண்ணு.”

“இன்னும் மூணு வாரம்கூட இல்ல. உன் வேலை இன்ஷூரன்ஸ்லதானே?”

“வேற யாரு இன்ஷூரன்ஸ்? வெட்டுன மரமா குடுக்கும்?”

மார்லிஸ் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்தாள். ‘உபயோகிக்கக் கூடாது’ என்று எழுதி, தேதி போட்டு, புரோப்பின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

மத்தியானம் கிரெய்க் டன்ஹாம் வந்தார். நிர்வாகி. தெற்கே நகரத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பனிப்புயலில் ஆள் வராத நாள் சமையலறையில் தானே சூப் ஊற்றிக் கொடுத்தவர். சிவப்பு அட்டையைத் தூக்கிப் பார்த்தார். புரோப்பையும் பார்த்தார். நகத்தால் பார்க்கவில்லை.

“படம் நல்லா வருதா?”

“வருது.”

“அப்புறம் என்ன?”

“படம் வர்றது வேற, சுத்தமா இருக்கறது வேற. தோல் எழும்பிருச்சு. இனிமே இதைச் சுத்தம் பண்ண முடியாது.”

“உறை போட்டுத்தானே பண்றீங்க? ரெண்டு உறை போடுங்க. புதுசு ஒண்ணு ஒன்பதாயிரம் டாலர். அடுத்த பட்ஜெட்டுக்கு ஆறு வாரம் இருக்கு. அதுவரைக்கும் இந்த ரூமை மூடினா இந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க? எண்பது மைல், இந்தப் பனியில. வழியில ஒருத்தி வண்டி கவுந்தா அந்தப் பாவம் யாருக்கு?”

“எண்பது மைல் ஓட்ட எங்க ஊருப் பொம்பளைங்களுக்குத் தெரியும். உள்ள என்ன போகுதுன்னுதான் அவங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மார்லிஸ், கேளுங்க. இது கெட்டுப்போச்சுன்னு எழுதினா, யார் கெடுத்தாங்கன்னு அடுத்த வரி எழுதணும். இந்த ரூம்ல வேலை பாக்கறது நீங்க ஒருத்தர்தான். அப்புறம் ரூல் என் கையில இல்ல, மேல போயிடும். அதுக்கு முன்னால யாருக்கெல்லாம் இதைப் போட்டோம்னு கேப்பாங்க, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லி ரத்தம் எடுக்கணும், ஊரே பேசும். கெட்டுப்போகலைன்னா ஒரு வரியும் எழுத வேணாம். நாளைக்கு இந்த வகை ஸ்கேன் எதுவும் இல்ல. சனி ஞாயிறு யோசிங்க. திங்கக்கிழமை இந்த அட்டை இல்லாம இருந்தா நான் எதையும் பாக்கல.”

எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

*

கங்காஸ் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் சவ்னா. கொல்லையில் ஆர்விடே தேவதாரு மரத்தை அறுத்துக் கட்டிய ஆவிக் குளியல் குடில். மூன்று மணிக்கே அடுப்பு மூட்டினால் ஐந்து மணிக்குக் கற்கள் பழுத்துவிடும். ஆர்விட் முப்பத்தைந்து வருடம் காட்டில் மரம் வெட்டினவன். போன வருடம் உருண்டு வந்த கட்டையிலிருந்து தப்பிக்கத் தாவி விழுந்து இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. அதிலிருந்து மேல் பலகையில் ஏறி உட்கார அவனுக்குக் கால்மணி நேரம். கை கொடுத்தால் முறைப்பான்.

“இன்னொரு கரண்டி ஊத்து,” என்றான்.

மார்லிஸ் கற்களின் மேல் தண்ணீரை வீசினாள். சீறிக்கொண்டு கிளம்பிய ஆவி காதைச் சுட்டது. ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வியாழன் நடந்ததை அன்றைக்கே சொல்லிவிட்டாள். யார் கெடுத்தது என்பதைத் தவிர.

“அந்தாளு என்ன கேட்டான் உங்கிட்ட?” என்றான் ஆர்விட். “எதையும் தூக்கச் சொன்னானா, தள்ளச் சொன்னானா? சும்மா இருன்னான். அவ்வளவு கஷ்டமா அது?”

“முப்பத்தோரு வருஷமா கூட இருக்க. நான் சும்மா இருந்து பாத்திருக்கியா?”

“இந்தத் தடவை பாக்கலாம்னு ஒரு ஆசை.”

“அது நான் கெடுத்தது, ஆர்விட்.”

அவன் தலையைத் தூக்கினான். வியர்வை புருவத்திலிருந்து சொட்டியது. சூடேற்றி நின்றதையும் அலமாரியையும் சொன்னாள். அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

“யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்.”

“யாருக்காவதுன்னு கேட்டேன்.”

“அப்ப நான் யாரு?”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவன் கத்த மாட்டான், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பான். “பதினொண்ணாந்தேதி. அந்த ஒரு தேதிக்காக நான் எட்டு மாசமா சாய்வு நாற்காலியில தூங்கறேன். பாத்ரூமுக்குப் போறதுக்கு நேரம் பாத்துக் கிளம்பறேன். அவன் உன்னை அனுப்பிட்டா அந்தத் தேதி போச்சு. என் இடுப்பைக் கொஞ்சமாவது நினைச்சியா?”

“வியாழக்கிழமையிலேர்ந்து உன் இடுப்பைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு நினைச்சதில்ல.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் இருமினான். இருமியதில் இடுப்பு வலித்தது. வலித்ததில் மறுபடி கோபம் வந்தது.

“மூணு வாரம் கழிச்சுச் சொல்லு. மூணே மூணு வாரம். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் நானே உன்னைக் கூட்டிட்டுப் போய் அந்தாளு மேசை மேல ஏத்திவிடறேன், கத்து.”

“திங்கக்கிழமை ஒன்பதரைக்கு டெஸ் லாம்பி வர்றா. கடையில ரொட்டி அடுக்குவாளே, அவ. மூணு தடவை கலைஞ்சுபோச்சு அவளுக்கு. இப்ப நாலாவது. ஏழு வாரம். மூணு வாரம் கழிச்சு வாடீன்னு அவகிட்டச் சொல்லவா?”

ஆர்விட் கரண்டியைத் தானே எடுத்து, இருந்த தண்ணீரையெல்லாம் கற்களின் மேல் கொட்டினான். உட்கார முடியாத சூடு. அவள் எழுந்து போவாள் என்று பார்த்தான். போகவில்லை. கடைசியில் அவன்தான் ஒவ்வொரு படியாக இறங்கி வெளியே போனான். பனியில் அவன் நின்ற இடத்தில் உடம்பிலிருந்து புகை கிளம்பியது.

அன்றிரவுச் சாப்பாடு மாட்டிறைச்சியும் டர்னிப்பும் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்ட்டி. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்றார்கள். ஞாயிறு முழுக்கப் பனி பெய்தது. மார்லிஸ் ஏலக்காய் இடித்துப் போட்டு நிசு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். தேவைக்கு மேலேயே பிசைந்தாள், மாவு பாவம். சாயங்காலம் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். ஆர்விட் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடுவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை விடிந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வெளியே மண்வெட்டி உரசுகிற சத்தம். ஜன்னலில் பார்த்தாள். முழங்கால் அளவு பனியை அவன் ஒரு காலில் சாய்ந்துகொண்டு ஒதுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தள்ளினால் ஒரு தடவை நிற்பான். கார் வரைக்கும், காரிலிருந்து சாலை வரைக்கும் வழி விட்டிருந்தான்.

அவள் ஓடிப்போய், “உனக்கென்ன பைத்தியமா? இடுப்பு என்னாகும்?” என்றாள்.

“நீ பண்றது சரின்னு நான் சொல்லமாட்டேன். சொல்லவே மாட்டேன்.” மூச்சு வாங்கினான். “பனியில மாட்டிக்கிட்டுப் போகலைன்னு நீ நாளைக்குச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். கிளம்பு.”

*

ஸ்கேன் அறையில் புரோப் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு அட்டை இல்லை. குப்பைக் கூடையில் பார்த்தாள். அங்கும் இல்லை. யாரோ பத்திரமாகக் கொண்டு போயிருக்கிறார்கள்.

டெஸ் லாம்பி அரைமணி முன்னாலேயே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். கம்பளிக் கையுறையைக் கழற்றாமல் மடியில் கோத்து வைத்திருந்தாள். பக்கத்தில் கணவன். வேலைச் சட்டையிலேயே வந்திருந்தான்.

மார்லிஸ் அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“டெஸ், இன்னிக்கு உன்னை நான் பாக்க முடியாது கண்ணு. மிஷின்ல ஒரு பாகம் கெட்டுப்போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு மணிக்கு உனக்கு இடம் வாங்கி வெச்சிருக்கேன். அங்க ரூத்துன்னு ஒருத்தி இருக்கா, எங்கூடப் படிச்சவ. மெதுவாப் பாப்பா.”

“இங்கயே பண்ண முடியாதா? எண்பது மைல், இவருக்கு மூணு மணிக்கு ஷிப்ட்டு.”

“பண்ணலாம். பண்ணா நான் உன்னைக் கண்ணெடுத்துப் பாக்க முடியாது.”

டெஸ் கணவன் பக்கம் திரும்பி, “ஷிப்ட்டை மாத்திக்கோ,” என்றாள். எழுந்து போகிறபோது மட்டும், “சாலை எப்படி?” என்று கேட்டாள்.

“காலைல ரெண்டு தடவை பனி தள்ளிட்டாங்க. மெதுவாப் போங்க.”

அவர்கள் கார் கிளம்புகிற வரைக்கும் நின்றாள். பிறகு புரோப்பை அதன் மூடி போட்ட தட்டில் வைத்தாள், பக்கத்தில் கையுறைப் பெட்டியையும் மருந்துத் துணிப் பெட்டியையும் வைத்தாள். போகிற வழியில் பெர்னடீனின் அலமாரியைத் திறந்து, வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஜென்ஷியன் வயலட் குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

“அது எதுக்குடி?” என்றாள் பெர்னடீன்.

“படம் வரையறதுக்கு.”

கிரெய்க் ஃபோனில் இருந்தார். இவள் தட்டோடு வந்து நின்றதைப் பார்த்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தார்.

“ஒன்பதரை ஆளு?”

“அனுப்பிட்டேன்.”

“மார்லிஸ்…”

அவள் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். மூன்று வரிதான். புரோப்பைச் சூட்டு அலமாரியில் வைத்தது நான், அதனால் தோல் எழும்பிவிட்டது. செவ்வாய்க்குப் பிறகு அது ஐந்து பேருக்கு உபயோகப்பட்டிருக்கிறது, எண்கள் கீழே. அந்த ஐந்து பேருக்கும் சொல்ல வேண்டும். கீழே முழுப் பெயர். முதல் எழுத்து போட்டு முடிக்கிற கையெழுத்து இல்லை இது: மார்லிஸ் ஐரீன் கங்காஸ்.

அவர் நெற்றியைத் தடவினார். “இதை நான் வாங்கிட்டா இன்னிக்கே உங்களை நிறுத்தி வைக்கணும். அது தெரியுமில்ல?”

“தெரியும்.”

“உங்க வீட்டுக்காரர் விஷயமும் எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க. நானும் பாத்தேன், ஞாயித்துக்கிழமை வந்து நல்ல வெளிச்சத்துல பாத்தேன். ஒண்ணுமே இல்ல அதுல.”

மார்லிஸ் அவர் மேசை மேல் காகிதத் துண்டு விரித்தாள். கையுறை மாட்டினாள். குப்பியைத் திறந்து, புரோப்பின் நுனியில் இரண்டு சொட்டு விட்டுச் சுற்றிலும் தடவினாள். கத்திரிக்காய் நிறத்தில் பளபளத்தது. பெட்டியிலிருந்து மருந்துத் துணி ஒன்றை உருவி அழுத்தித் துடைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. ஊதா எல்லாம் துணிக்குப் போய், புரோப் பழையபடி வெளுத்தது. ஓரத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு ஒரு மெல்லிய ஊதாக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி நின்றது.

“ஆஸ்பத்திரி சொத்து அது,” என்றார் கிரெய்க்.

“ரெண்டு தடவை கெடுத்திருக்கேன் அதை. ரெண்டையும் எழுதிக்குங்க.” கையுறைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். “நல்ல வெளிச்சம்தான் இதுவும். தொடைங்க. போச்சுன்னா நான் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போறேன், டெஸ்ஸைப் பாதி வழியில கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்றேன்.”

அவர் துடைக்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். துடைத்தார். கையுறை மாட்டி, புது மருந்துத் துணி எடுத்து, கோட்டின் மேல் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையில் இருந்த குழாயில் சோப்பு போட்டு, ஜன்னல் பக்கம் போய், உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். வீட்டில் அவருக்கும் மனைவி இருக்கிறாள். அந்த நினைப்பு எப்போது வந்ததோ, தேய்க்கிற கை மெதுவாகி, நின்றது. நகத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஓட்டினார். நகம் நின்றது.

புரோப்பைத் தட்டில் வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு பேர்,” என்றார். “யாரு போய்ச் சொல்றது இதை? எப்படிச் சொல்றது?”

மார்லிஸ் கையுறைகளைக் கழற்றிப் போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் சொல்றேன். என்னை நிறுத்தறதுன்னா மத்தியானத்துக்கு மேல நிறுத்துங்க. இப்ப எனக்கு அஞ்சு வீட்டுக்குப் பேச வேண்டியிருக்கு.”